பிரெஞ்சு வினைவடிவங்களை அசை பிரித்து ஒலிப்பது எப்படி?

பிரெஞ்சு வினைச்சொல்லை எழுத்தெண்ணிப் படிப்பவர் தடுமாறுவார். ஒலிக்காத ஈற்றை முதலில் நீக்கி, எஞ்சியதை அசை பிரித்து, அதன் பிறகு முன்வரும் எழுவாயோடு சேர்த்துச் சொல்வதே சரியான வரிசை. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்பதே கணக்கு. யாப்பின் நேர், நிரை இங்கு உதவா. எழுத்துகளை நமக்குப் பழகிய ஆங்கிலப் பெயர்களாலேயே குறிக்கிறேன்.

'பேசு' எனப் பொருள்படும் 'பார்லே' என்ற வினை நிகழ்காலத்தில் 'நான்', 'அவன்' ஆகியவற்றுக்கு 'இ' என்றும், 'நீ'க்கு 'இ-எஸ்' என்றும், 'அவர்கள்' என்பதற்கு 'இ-என்-டி' என்றும் ஈறு பெற்றாலும், அவற்றுள் எதுவும் ஒலிப்பதில்லை. நான்கும் 'பார்ல்' என்ற ஒரே அசைதான். நம் நாக்கு பழக்கத்தால் ஓர் உகரம் சேர்த்துப் 'பார்லு' என்று இரண்டசையாக்கிவிடும். அதைத் தவிர்க்க வேண்டும். 'நாம்', 'நீங்கள்' என்பவற்றுக்கு மட்டும் ஈறு ஒலிக்கும்: பார்-லோன், பார்-லே. முன்னதில் னகரத்தை ஒலிக்காமல் ஓகாரத்தையே மூக்கின் வழியே விட வேண்டும்.

'இ-என்-டி' கண்ட இடமெல்லாம் வாய்மூடவும் கூடாது. 'வருகிறான்' என்பதற்குரிய வடிவமும் அதே மூன்றெழுத்தில் முடிகிறது. ஆனால் அங்கு 'இ', 'என்' இரண்டும் பகுதியைச் சேர்ந்தவை என்பதால் மூக்கொலியோடு 'வியேன்' என்றாகும். 'வருகிறார்கள்' என்பதிலோ னகரம் தெளிவாகக் கேட்கும்: 'வியென்'.

இரு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை மெய்யொலி அடுத்த அசைக்குப் போகும்: 'முடிக்கிறோம்' என்பது ஃபி-நி-ஸோன். இரண்டு மெய்கள் வந்தால் பெரும்பாலும் ஆளுக்கொன்றாகப் பிரியும். ஆனால் பகரம் போன்ற வல்லொலியை அடுத்து லகரமோ ரகரமோ வந்தால் இரண்டும் சேர்ந்தே அடுத்த அசையைத் தொடங்கும். 'மறத்தல்' என்பது ஊ-ப்ளி-யே, 'ஊப்-ளி-யே' அன்று.

நடுவில் வரும் மெலிந்த 'இ'தான் உண்மையான சிக்கல். 'அழைக்கிறோம்' என்பது எழுத்தில் மூன்றசை, பேச்சில் 'அ-ப்லோன்' என்று இரண்டே. 'அழைக்கிறேன்' என்னும்போது ஈறு ஒலிக்காததால் அழுத்தம் அந்த 'இ'யின்மீது விழுந்து 'அ-பெல்' என்றாகிறது. எழுத்தில் 'எல்' இரட்டிப்பது அதைக் காட்டத்தான். எதிர்காலத்தில் 'கொடுப்பேன்' என்பது 'டொன்-ரே' எனச் சுருங்கும். 'பேசுவேன்' சுருங்கினால் மூன்று மெய்கள் நெருங்கிவிடும் என்பதால் 'பார்-லெ-ரே' என்றே நிற்கும்.

இறுதியாகச் சொற்புணர்ச்சி. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது நமக்குப் புதிதன்று: 'அவன்' எனப் பொருள்படும் 'இல்' என்பதோடு 'வந்துசேர்கிறான்' எனப் பொருள்படும் 'அரீவ்' சேர்ந்தால் 'இ-ல-ரீவ்'. ஊமையாய்க் கிடந்த 'எஸ்' உயிரின் முன் அதிரொலியாக (ஆங்கில 'இசட்' ஒலி; இங்கு 'ஃஜ' என எழுதுகிறேன்) விழித்துக்கொள்வதைத்தான் தனியே பழக வேண்டும்: 'இல்-ஃஜோன்' என்றால் அவர்களிடம் இருக்கிறது, 'இல்-ஸோன்' என்றால் அவர்கள் இருக்கிறார்கள். 'எச்'சில் தொடங்கும் வினைகளை ஒவ்வொன்றாக அகராதியில் பார்ப்பதே பாதுகாப்பு: 'நாம்' என்பதற்குரிய 'நூ'வோடு 'வசிக்கிறோம்' என்பது 'நூ-ஃஜ-பி-தோன்' எனப் புணரும், 'வெறுக்கிறோம்' என்பது புணராமல் 'நூ-அ-இ-ஸோன்' என்றே நிற்கும்.