சப்வூஃபரின் முதுகில் இருக்கும் அந்த நாப்: வீட்டு ஸ்டீரியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மடிப்பாக்கத்தில் தெரிந்த தம்பி ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். புது ரிசீவர் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி), புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பத்து இன்ச் சப்வூஃபர் (அடித்தொனிக்கென்று தனிப் பெட்டி, சுருக்கமாக சப்). எல்லாம் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "அண்ணே, சப் சரியில்லண்ணே. மிருதங்கத்துல இடது பக்கத் தொப்பி சத்தம் கேக்கவே மாட்டேங்குது. ஆனா படம் போட்டா பீரோ அதிருது. பேசாம பன்னண்டு இன்ச்சா மாத்திடலாமான்னு பாக்குறேன்" என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் சப்பின் பின்பக்கம் மொபைல் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். நினைத்தபடியே சப் எந்த எல்லை வரை பாட வேண்டும் என்று தீர்மானிக்கும் கிராஸ்ஓவர் நாப் 80 ஹெர்ட்ஸில் நின்றது.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 2011-ல் நான் செய்ததும் இதேதான். அதற்கு நான் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன். வயரில் சிவப்பு கறுப்பு மாறிவிடுவது, ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள் திணிப்பது போன்றவை ஒரு வாரத்தில் தானாகவே புரிந்துவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். வருஷக்கணக்கில் புரியாமலே இருப்பவைதான் காசைக் கரைக்கின்றன.

இரண்டு இடத்தில் கிராஸ்ஓவர் வைப்பது

ரிசீவரில் ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று வைத்து 80 ஹெர்ட்ஸ் கொடுத்துவிட்டால், பிரிக்கும் வேலையை ரிசீவர் எடுத்துக்கொள்கிறது. 80-க்கு மேலே உள்ளது ஸ்பீக்கருக்கு, கீழே உள்ளது சப்புக்கு. பிரிப்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்காது, சரிவாக இருக்கும். பெரும்பாலான ரிசீவர்களில் சப் பக்கம் ஆக்டேவுக்கு (அலைவெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் இறங்கும். ஸ்பீக்கர் பக்கம் 12தான் இறங்கும். மூடிய பெட்டி ஸ்பீக்கர் தன் இயல்பிலேயே இன்னொரு 12 இறங்கும் என்று எதிர்பார்த்து அப்படிச் செய்திருக்கிறார்கள். சரியாக 80-ல் இரண்டு பக்கமும் 6 டெசிபல் குறைந்திருக்கும், இரண்டும் சேர்ந்தால் குறைவு இல்லாமல் முழுசாகிவிடும். லிங்க்விட்ஸ்–ரைலி என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். 1976-ல் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் எழுதிய கட்டுரையில் தொடங்கியது இது.

இந்தக் கணக்கில் சப்பின் முதுகில் உள்ள நாப்புக்கு வேலையே கிடையாது. ஆனால் புதிதாகக் கோர்ப்பவர் என்ன செய்கிறார்? ரிசீவரில் 80 என்றால் சப்பிலும் 80 இருந்தால்தானே பொருத்தம் என்று ஜாதகம் பார்க்கிறார். அந்த நாப் இன்னொரு வடிகட்டி. இறங்கிய டிகாக்‌ஷனை எடுத்து மறுபடியும் ஃபில்டரில் ஊற்றினால் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

டிகாக்‌ஷனிலாவது காபி கொஞ்சம் குறைவதோடு போகும். இங்கே ஃபேஸும், அதாவது ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து அசையும் ஒத்திசைவும், கெடுகிறது. சப்பின் உள் வடிகட்டி ஆக்டேவுக்கு 12 டெசிபல் வகை என்றால், 80-ல் சப் இன்னும் 3 டெசிபல் இறங்கி, 90 டிகிரி பின்தங்கும். ஸ்பீக்கரோடு கூட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் 4 டெசிபல் பள்ளம். 24 வகை என்றால் 180 டிகிரி, அதாவது ஸ்பீக்கரின் கோன் முன்னே வரும்போது சப்பின் கோன் பின்னே போகும். ஒன்றை ஒன்று தின்று 12 டெசிபல் போய்விடும். ஒரு கட்டைச் சுருதியில் தம்புராவின் மந்தர ஸட்ஜம் 65 ஹெர்ட்ஸ். தொப்பியின் கும்கி (வழுக்கி எழும் ஆழ்ந்த நாதம்), பேஸ் கிடாரின் பாதி நடமாட்டம், கிக் டிரம்மின் குத்து எல்லாம் இந்த அக்கம்பக்கத்தில்தான் குடியிருக்கின்றன.

என் கதைக்கு வருகிறேன். அந்தப் பள்ளத்தை நான் 'சப்புக்குத் தெம்பில்லை' என்று புரிந்துகொண்டேன். சப்பின் வால்யூமை ஏற்றினேன். பள்ளம் அப்படியே இருந்தது, அதற்குக் கீழே இருந்ததெல்லாம் ஏறியது. என் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸிலும் அகலத்துக்கு 56-லும் அறை தானாகவே முழங்கும் (ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வரும் எண் இது). வால்யூமை ஏற்ற ஏற்ற அந்த இரண்டு இடமும் வீங்கி, பீரோ கதவு நடுங்கி, ஜன்னல் கண்ணாடி பேச ஆரம்பித்தது. கும்கியை மட்டும் காணோம்.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "ரூம் பெருசு சார், பத்து இன்ச் தாங்காது" என்றார். பத்துக்குப் பன்னிரண்டு அறை பெரிசாம்! அதையும் நம்பினேன். இருந்ததைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு 38,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு இன்ச் வாங்கி வந்தேன். வந்ததும் முதல் வேலையாக முதுகு நாப்பை 80-ல் வைத்தேன்.

நாலு மாதம். மூலைக்கு மூலை நகர்த்தினேன், கம்பளம் விரித்தேன், திரைச்சீலை தைத்தேன், தடிமனான கேபிள் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கச்சேரி ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் தொப்பி அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. என்ன நடந்தது என்று அரை மணி நேரம் தேடினேன். காலையில் தூசி தட்டிய துணி பட்டு நாப் கடைசி வரை திரும்பியிருந்தது. சப்போடு வந்த கையேட்டை அன்றுதான் முழுதாகப் படித்தேன். அதில் ஒரே ஒரு வரியில் இதைப் போட்டிருந்தார்கள், அதுவும் பொடி எழுத்தில். அந்த வரி இன்னும் எனக்கு எரிச்சல்தான்.

செய்ய வேண்டியது இதுதான். சப்பில் எல்.எஃப்.இ. (ரிசீவர் பிரித்து அனுப்பும் அடித்தொனிக்கானது) என்று தனி இன்புட் இருந்தால் ரிசீவரின் வயரை அதில் செருகுங்கள். நாப்பை விலக்கிவிடும் ஸ்விட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். இரண்டும் இல்லையென்றால் நாப்பைக் கடைசி எண் வரை திருப்பிவிடுங்கள். பிறகு ரிசீவரின் மைக் அளவீட்டை (மைக் வைத்து ஸ்பீக்கர்களின் சத்தம், தூரத்தை ரிசீவரே கணிப்பது) மறுபடி ஓட்டுங்கள், பழைய அளவு இனி செல்லாது. சந்தேகம் இருந்தால் மொபைல் ஆப்பில் 80 ஹெர்ட்ஸ் டோனை ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து பாடும்படி ஓடவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் நீங்கள் இருந்துகொண்டு, வேறொருவரை நாப்பைத் திருப்பச் சொல்லுங்கள். திருப்பத் திருப்பச் சத்தம் மேலே வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அசையவே இல்லை என்றால் அது அறையின் பள்ளம், சப்பை நகர்த்திப் பாருங்கள்.

மடிப்பாக்கத்துத் தம்பிக்கு இரண்டு நிமிஷ வேலைதான் ஆனது. பன்னிரண்டு இன்ச் பேச்சை அவன் அப்புறம் எடுக்கவில்லை.

மேலே சொன்னதை எல்லா இடத்திலும் செய்வது

ரிசீவர் இல்லாமல் பழைய பாணி ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு நியாயம் தலைகீழ். பெரும்பாலான ஸ்டீரியோ ஆம்ப்களில் பிரிக்கும் வேலையைச் செய்ய ஆள் இல்லை. ஸ்பீக்கர் முழுசாகப் பாடும், சப் கூடவே பாடும். அங்கே முதுகு நாப்தான் ஒரே கிராஸ்ஓவர். அதைக் கடைசி வரை திருப்பினால் ஆண் குரலின் அடிப்பகுதி மூலையில் இருக்கும் பெட்டிக்குள்ளிருந்து வரும். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் காதுக்குத் திசை பிடிபடாது. ஸ்பீக்கர் எங்கே ஓய்கிறதோ அங்கிருந்து சப் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கர் 55 வரை இறங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தால், 50-ல் ஆரம்பித்து மெல்ல ஏற்றிக் கேளுங்கள். சப் ஒன்று இருப்பதே தெரியாத இடத்தில் நிறுத்துங்கள். ஃபேஸ் ஸ்விட்ச்சை 0, 180 இரண்டிலும் வைத்துப் பார்த்து எதில் பேஸ் கூடுகிறதோ அதிலேயே விடுங்கள்.

'எல்.எஃப்.இ. பிளஸ் மெயின்', 'டபுள் பேஸ்'

ரிசீவரில் இந்தப் பெயர்களில் வரும் அமைப்பு ஸ்பீக்கருக்குப் போகும் பேஸையே சப்புக்கும் சேர்த்து அனுப்பும். போடாதீர்கள்.

வாட்ஸை மட்டும் பார்த்து ஆம்ப் வாங்குவது

பிஎம்பிஓ (கண நேர உச்ச வாட்ஸ்) என்று போட்டிருக்கும் எண்ணைப் படிக்கவே வேண்டாம். நேர்மையான வாட்ஸிலும் ஒரு சூது உண்டு. ஒரே ஒரு சானலை 6 ஓமில் 10 சதவீத டிஸ்டார்ஷனோடு ஓட்டி எடுத்த 150 வாட்ஸும், இரண்டு சானலையும் 8 ஓமில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஓட்டி எடுத்த 80 வாட்ஸும் வேறு வேறு சாதி. எனக்கு எப்போதும் இரண்டாவது போதும்.

அதைவிட முக்கியம் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பது. 3 டெசிபல் ஏற ஆம்ப் இரட்டிப்பு வாட்ஸ் கொடுக்க வேண்டும். 90 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்ஸில் தருவதை 84 டெசிபல் ஸ்பீக்கரில் கேட்க 100 வாட்ஸ் தேவை. குட்டி ஸ்பீக்கரைச் சின்ன ஆம்ப் சமாளித்துவிடும் என்று நினைத்துக் கோர்த்து, வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றி, ஆம்ப் கிளிப் ஆகி (சக்தி போதாமல் அலையின் உச்சி வெட்டுப்பட்டு) ட்வீட்டரை, அதாவது உச்சத்தொனிக்கான சின்ன ஸ்பீக்கரை, பொசுக்கியவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். ட்வீட்டர் செத்ததற்கு மூன்று பேரும் ஸ்பீக்கரைத்தான் திட்டினார்கள்.

ஏ பிளஸ் பி-யில் இரண்டு ஜோடி

ஆம்பின் ஏ, பி இரண்டு இணைப்பிலும் ஒரே நேரத்தில் ஸ்பீக்கர் ஓடினால், ஒவ்வொரு பக்கமும் இரண்டு 6 ஓம் ஸ்பீக்கர் இணையாகச் சேர்ந்து 3 ஓம் ஆகும். ஆம்ப் அதற்குத் தயாரா என்று முதலில் பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் பாருங்கள்.

உறுமல் வந்தால் எர்த் பின்னை வெட்டுவது

வேண்டவே வேண்டாம், அது உயிர் விஷயம். சப்பையும் ரிசீவரையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். பாதி வீடுகளில் உறுமல் உள்ளே வருவது அந்த வழியாகத்தான்.

ரிசீவர் சொல்லும் தூரத்தைத் திருத்துவது

மைக் வைத்து அளந்தபின் சப்பின் தூரம் கூடுதலாகக் காட்டும். டேப் வைத்து அளந்து, "ரிசீவருக்குக் கணக்குத் தெரியல" என்று சிரித்துக்கொண்டே கையால் மாற்றுகிறார்கள். சப்புக்குள் இருக்கும் வடிகட்டிகளும் டிஜிட்டல் சமாசாரங்களும் ஒலியைச் சற்று தாமதிக்கச் செய்கின்றன. ஒரு மில்லிசெகண்ட் தாமதம் என்றால் 34 சென்டிமீட்டர் கூடுதல் தூரம். ரிசீவர் அந்தத் தாமதத்தையும் சேர்த்துத்தான் தூரமாகச் சொல்கிறது. என் வீட்டில் சப் இருப்பது 2.4 மீட்டரில், ரிசீவர் 3.6 என்கிறது. அப்படியே விட்டிருக்கிறேன்.