இயேசுவின் இரண்டாம் வருகையைப் பற்றி அடுத்த வீட்டில் எப்படிப் பேசுவது?

போன அட்வெந்து சமயத்தில், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில், எங்கள் சபை வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் தையல் கடைக்கு வந்தார்கள். கட்டிங் மேசைமேல் ஒரு கட்டு கைப்பிரதியை வைத்தார்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தது. உலக முடிவைப் பற்றிய படம்: தீ எரிகிறது, நடுவில் ஒரு கடிகாரம், பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம். "அத்தை, சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுல நின்னு கொடுக்கப் போறோம். ஆயிரம் இருக்கு. ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்" என்றான் ஒருவன்.

ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைக்கவே எனக்கு அரை மணி ஆகிறது.

ஆண்டவர் திரும்ப வருவார் என்று நானும் நம்புகிறேன். நம்பாவிட்டால் இந்த வயதில் சனிக்கிழமைதோறும் வீடு வீடாக ஏறி இறங்க மாட்டேன். அந்த நம்பிக்கையை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் எனக்கும் பிள்ளைகளுக்கும் தகராறு. அன்று அவர்களை உட்கார வைத்துச் சொன்னதை, விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாள் எடுத்து எழுதுங்கள்

முடிவு காலத்தைப் பற்றி நீங்கள் எதை நம்புகிறீர்கள்? அடுத்தவரிடம் போகுமுன் இதை உங்களுக்கே எழுதிப் பாருங்கள். சபைக்குச் சபை வித்தியாசம் உண்டு. முதலில் விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை, அப்புறம் ஏழு வருஷ உபத்திரவம், பிறகு ஆயிர வருஷ அரசாட்சி என்று பெந்தெகொஸ்தே சபைகளில் பலர் படம் வரைந்தே போதிப்பார்கள். நான் லுத்தரன் சபையில் வளர்ந்தவள். எங்கள் சபையின் விசுவாசத்தைச் சொல்கிற, 1530-இல் எழுதப்பட்ட அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 17-ஆம் பிரிவு, கிறிஸ்து நியாயந்தீர்க்க வருவார், மரித்தோரை எழுப்புவார் என்று சில வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறது. என் நாத்தனார் பெந்தெகொஸ்தே. கிறிஸ்துமஸுக்குச் சேர்ந்து முறுக்கு சுற்றும்போது இதைப் பேசினால் மாவு காய்ந்துவிடும்.

ஆனாலும் நாங்கள் இருவரும் ஒத்துப்போகிற விஷயம் நான்கு உண்டு. அவர் வருவார். மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள். நியாயத்தீர்ப்பு உண்டு. புதிய வானமும் புதிய பூமியும் உண்டு. கிறிஸ்தவரல்லாத பக்கத்து வீட்டுக்காரரிடம் எடுத்துக்கொண்டு போக இந்த நான்கு போதும். படத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

எழுதிய தாளுக்குக் கீழே 2 பேதுரு 3:9-ஐ எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்பவேண்டும் என்று விரும்பித்தான் அவர் பொறுமையாக இருக்கிறாராம். அப்படியானால் இன்றைக்கு விடிந்ததே யாரோ ஒருவருக்காகக் கொடுத்த தவணை. அந்த யாரோ உங்கள் தெருவில் இருக்கலாம். இது மனதில் பதிந்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் போகத் தோன்றாது, எதிர் வீட்டுக்குப் போகத் தோன்றும்.

தேதி குறிக்கிற வேலை வேண்டாம்

நம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள், தெரியும். 1 ஏறினால் தூரத்துக் கடலில் ஏதோ கிளம்புகிறது. 2 என்றால் புயலே உருவாகிவிட்டது. 10 பெரிய அபாயம். அதற்கு மேல் 11 என்று ஒன்று இருக்கிறது: வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று அர்த்தம். எந்தக் கூண்டிலும் மணிக்கணக்கு கிடையாது. பார்த்தவர்கள் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டுவார்கள், கடலில் நிற்கிற ஆளுக்குத் தகவல் அனுப்புவார்கள். "எத்தனை மணிக்கு?" என்று கூண்டுக்குக் கீழே நின்று தர்க்கம் பண்ணுகிறவரை நான் பார்த்ததில்லை.

சபையில்தான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் போதனையை நம்பி, 1844 அக்டோபர் 22 அன்று ஆயிரக்கணக்கானோர் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். மறுநாள் வழக்கம்போல விடிந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1999 டிசம்பர் 31 இரவு ஆராதனையில் என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, கம்ப்யூட்டர் எல்லாம் நின்று உலகம் முடிந்துவிடும் என்று அரிசி மூட்டை வாங்கி வைத்திருந்தார். கொரோனா தடுப்பூசி வந்தபோது அதுதான் வெளிப்படுத்தல் புத்தகத்தில் வருகிற மிருகத்தின் 666 முத்திரை என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம் ஆட்களே எத்தனை பேருக்கு அனுப்பினார்கள்! இப்படி ஒரு தடவை அனுப்பினால் போதும், அப்புறம் நீங்கள் சொல்கிற உண்மையையும் அந்தத் தெருவில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

யாராவது தேதி கேட்டால் மத்தேயு 24:36-ஐச் சொல்லுங்கள்: பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான். அதோடு நிறுத்துங்கள். அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தில் சீஷர்களும் எப்போது என்றுதான் கேட்டார்கள். அது உங்களுக்கு அடுத்ததல்ல, நீங்கள் எனக்குச் சாட்சிகளாயிருப்பீர்கள் என்று பதில் வந்தது.

யாரைப் பயமுறுத்துகிறீர்கள்?

இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்த செய்தி, நாங்கள் ஆராதனையில் இருக்கும்போது வந்தது. மூன்றாம் நாள் சபையிலிருந்து பாயும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனோம். எனக்கு அப்போது வயது முப்பத்தெட்டு, வைராக்கியம் அதிகம். பையில் கைப்பிரதியும் வைத்திருந்தேன். "நாளை உன்னுடையதல்ல" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஒரு மீனவப் பெண்ணிடம் பாயைக் கொடுத்து, அதன்மேல் பிரதியையும் வைத்தேன்.

அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்தாள். "எனக்கா சொல்ற?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அவளுடைய இரண்டாவது பையன் அன்னிக்கு அலையோடு போனவன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

நாளை நம்முடையதல்ல என்று அவளுக்குத் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தச் செய்தி யாருக்குத் தேவைப்பட்டதென்றால் எனக்குத்தான். பதினைந்து வருஷமாக சில்வர் பீச்சுக்குக் காற்று வாங்கப் போகிறவள், பக்கத்துக் குப்பத்தில் ஒருத்தியின் பேரைக்கூடத் தெரிந்துவைத்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள ஒரு அலை வரவேண்டியிருந்தது.

அதே முகாமில் வேறு சிலர், இது பாவத்துக்குத் தண்டனை என்று மைக் வைத்துப் பேசினார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்றார். லூக்கா 13. அதை வாசித்துவிட்டு மைக்கைப் பிடித்திருக்கலாம்.

ஆகவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வருகையைப் பற்றிய வசனங்களில் அவசரப்படுத்துகிறவை உண்டு, ஆறுதல் சொல்கிறவை உண்டு. அவசரப்படுத்துகிறவற்றை உங்களுக்கு வாசியுங்கள். காவற்காரன் எக்காளம் ஊதாவிட்டால் அவன்மேல் பழி என்கிற எசேக்கியேல் 33 காவற்காரனுக்கு எழுதினது. ஆறுதலானவற்றை வெளியே எடுத்துப் போங்கள். 1 தெசலோனிக்கேயர் 4-இல் எக்காளம், மேகம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டுப் பவுல் என்ன சொல்கிறார்? இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்கிறார். நியாயத்தீர்ப்பை மறைக்கச் சொல்லவில்லை. அதைப் பற்றிக் கேட்கிற அளவுக்கு ஒருவர் உங்களிடம் நெருங்கட்டும், அப்போது நேராகச் சொல்லுங்கள், மழுப்பாதீர்கள்.

வேலை இப்படி நடக்கிறது

ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் ஐந்து பேர் பெயர். ஆறாவது வேண்டாம். பால்காரர், மாடி வீட்டுக்காரர், கூட வேலை பார்க்கிறவர், இப்படிக் கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள். தினமும் அந்த ஐந்து பேருக்காக ஜெபம். மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும், அவர்கள் விஷயமாக. மகளுக்கு வரன் அமைந்ததா, சர்க்கரை குறைந்ததா என்று. இதற்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகும். ஆகட்டும்.

அவசரம் என்று சொல்லிவிட்டு ஒரு வருஷமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவசரம் என்றால் இன்றைக்கே தொடங்குவது. ஓடிக்கொண்டே பேசுவது அல்ல. உலக முடிவு வராவிட்டாலும் நமக்கு வேறு முடிவுகள் வந்துகொண்டேயிருக்கின்றன. கீர்னாண்டர் என்கிற மிஷனரி 1740-இல் நம் கடலூருக்கு வந்து ஊழியம் செய்தார். 1758-இல் பிரெஞ்சுப் படை இங்கிருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தது. அத்தோடு அவருடைய கடலூர் ஊழியம் முடிந்தது, கல்கத்தாவுக்குப் போய்விட்டார். என் நோட்டில் முதல் பெயராக இருந்த வாடிக்கையாளர் ஒருவர், மாற்றலாகி ஒரே வாரத்தில் வேலூர் போய்விட்டார். அவருக்குச் சொல்ல நினைத்தது நோட்டிலேயே இருக்கிறது.

பேச்சை எப்படி எடுப்பது? நீங்களாக எடுக்க வேண்டியதே இல்லை. 2011-இல் தானே புயல் டிசம்பர் 30 காலையில் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. மறுநாள் இரவு கரண்ட் இல்லாமல் மெழுகுவர்த்தியில் வருஷக் கடைசி ஆராதனை நடத்தினோம். வழியில் எதிர்வீட்டு அண்ணன், "கூரையே போச்சு, இப்பவும் பாட்டுப் பாடிக்கிட்டுக் கோவிலுக்குப் போறீங்களே, எப்படிம்மா?" என்று கேட்டார். இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் ஆயத்தமாயிருக்க வேண்டும். 1 பேதுரு 3:15 அதைத்தான் சொல்கிறது, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லச் சொல்கிறது. நான் சொன்னது மூன்றே வாக்கியம்: "இதோட முடியலைன்னு நம்புறோம் அண்ணே. இயேசு திரும்ப வந்து எல்லாத்தையும் புதுசாக்குவாரு. அதுக்காகத்தான் பாடுறோம்." அதற்குமேல் அவர் கேட்டால் சொல்லலாம் என்று விட்டேன். நான்கு மாதம் கழித்துக் கேட்டார்.

செய்யக்கூடாதவை சில. நிவாரணப் பொருளோடு பிரதியைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். நான் செய்தது தப்பு. ஆஸ்பத்திரிப் படுக்கையருகே அவர் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். பெற்றோருக்குத் தெரியாமல் சின்னப் பிள்ளைகளிடம் கூடாது. பாடலீஸ்வரர் தேரை இழுத்துவிட்டு வந்து களைத்து உட்கார்ந்திருப்பவரிடம் அவருடைய சாமியைக் குறைத்துப் பேசுவது அசிங்கம், அதற்கு ஊழியம் என்று பேர் வைக்காதீர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். வேண்டாம் என்ற பிறகும் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

"ரெண்டாயிரம் வருஷமா வர்றாரு வர்றாருன்னுதானே சொல்றீங்க?" என்று கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். கோபப்படாதீர்கள், நியாயமான கேள்வி. பேதுரு காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். மேலே எழுதிய தவணை வசனத்தைச் சொல்லுங்கள்.

பாய் கொடுத்த அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். அடுத்த வாரம் பிரதி இல்லாமல் போனேன். பிறகும் போனேன். அவள் என் கடைக்கு வர ஆரம்பித்தாள், "தையக்கார அக்கா" ஆனேன். மூன்றாம் வருஷம் ஒருநாள், "உங்க புக்குல செத்தவங்களப் பத்தி என்ன போட்டிருக்கு?" என்று அவளாகக் கேட்டாள். வெளிப்படுத்தல் 21-ஐ வாசித்தேன். இனி மரணமுமில்லை என்கிற இடம்வரை போகவே இல்லை. முதல் வசனத்திலேயே நிறுத்தினாள். சமுத்திரமும் இல்லாமற்போயிற்று என்று அதில் வருகிறது.

"கடலே இல்லன்னா நாங்க எதுலக்கா பொழைக்கிறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. தெரியலம்மா என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "சரி, மேல படி" என்றாள். படித்தேன். இன்றைக்கும் அவள் சபைக்கு வருவதில்லை. நோட்டில் பெயர் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மீன் கொண்டுவருவாள்.

பிள்ளைகள் நான்கு பேரும் அன்று நோட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த ஆயிரம் பிரதியை எடுத்துப்போக மறந்துவிட்டார்கள். பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் அளவு குறிக்க வசதியாக இருக்கிறது. பாதிக் கட்டு தீர்ந்துவிட்டது.