நைட் ஷிஃப்ட்டில் கைகொடுக்கும் எரர் மெசேஜ்

மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியில் கோபோல் மொழியில் புரோகிராம் எழுதுபவர்களே, 'ஃபைல் ஓப்பன் எரர்' என்று மட்டும் டிஸ்ப்ளே போட்டுவிட்டு ஜாபை (கணினியில் ஓடும் வேலையை) அபெண்ட் ஆக்காதீர்கள், அதாவது பாதியில் முறிக்காதீர்கள். புரோகிராம் பெயர், டிடி நேம் (ஜாபில் அந்த ஃபைலைக் குறிக்கும் பெயர்), ஃபைல் ஸ்டேட்டஸ் (ஃபைலைத் திறக்க முயன்றதன் விளைவைச் சொல்லும் எண்) மூன்றும் அந்த வரியிலேயே வரட்டும். ஸ்டேட்டஸ் 35 என்றால் ஃபைலே இல்லை. 39 என்றால் ஃபைல் இருக்கிறது, ரெக்கார்டு நீளம் போன்ற ஏதோ ஒன்று புரோகிராமோடு பொருந்தவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மெசேஜுக்குத் தனி எண் கொடுத்து, ரன்புக்கிலும் (ஆபரேட்டருக்கான வழிகாட்டிக் குறிப்பேடு) அதே எண்ணில் விளக்கம் எழுதுங்கள். ஐபிஎம் கையேடுகளில் ஆபரேட்டர் செய்யவேண்டியதையும் புரோகிராமர் செய்யவேண்டியதையும் தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். அருமையான வழக்கம், அப்படியே பின்பற்றலாம்.

முக்கியமாக, ஜாபை ரீஸ்டார்ட் செய்யலாமா கூடாதா என்பது அந்த விளக்கத்தின் முதல் வரியிலேயே இருக்கவேண்டும். பாதி அப்டேட் ஆன ஃபைலோடு மறுபடி ஓட்டினால் ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை பதிவாகிவிடக்கூடும்.