குடும்ப வழக்குக்கு வக்கீல் அமர்த்துவதற்கு முன்

விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு என எதுவாயினும், வக்கீலைத் தேடுவதற்கு முன்பு வழக்கு எந்த ஊரில் நடக்கும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்துத் திருமணச் சட்டத்தின்படி, திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகியவற்றில் ஒன்றில் விவாகரத்து மனு தாக்கல் செய்யலாம். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, மனைவி மனுதாரராக இருந்தால் தாம் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்ய முடியும். மதுரையில் மணமாகி, கோவையில் குடித்தனம் நடத்திவிட்டு, இப்போது திருநெல்வேலியில் பெற்றோருடன் இருக்கும் பெண், சொந்தக்காரர் சொன்னார் என்பதற்காகச் சென்னை வக்கீலை அமர்த்தினால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருடைய பயணச் செலவையும் சேர்த்தே கொடுக்க நேரிடும்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதி. ஆகவே இணையத்தில் ‘நகரின் முதன்மை விவாகரத்து வக்கீல்’ என்று கண்ணில் படுவதைக் கொண்டு யாரையும் எடைபோட வேண்டாம். அதைவிட, ஒரு வேலை நாளில் காலையிலேயே குடும்பநல நீதிமன்றத்துக்குப் போய், அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்த்து, அங்கே அடிக்கடி வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் அரசு இணையதளமான இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைக் கொண்டு தேடினால், அந்த நீதிமன்றத்தில் அவர் நடத்திய வழக்குகளில் எவை முடிந்தன, எவை நிலுவையில் உள்ளன என்பது தெரியும். இந்த அரைமணி நேர வேலையைப் பெரும்பாலானோர் செய்வதில்லை.

முதல் சந்திப்புக்குத் திருமண அழைப்பிதழ், பதிவுச் சான்று, வருமான ஆவணங்கள் ஆகியவற்றோடு, நடந்தவற்றைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்குப் பாதகமான செய்தியையும் மறைக்காதீர்கள். கட்சிக்காரர் சொன்னதை அவருடைய சம்மதமின்றி வெளியிட வக்கீலுக்குச் சட்டம் அனுமதி தரவில்லை. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியிருப்பதால், வங்கிக் கணக்கு விவரங்களையும் முன்கூட்டியே திரட்டி வைப்பது நல்லது.

கட்டணத்தை வெளிப்படையாகவே கேளுங்கள்: மொத்தத் தொகையா, வாய்தாவுக்கு இவ்வளவா, தட்டச்சும் நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்குமா, ரசீது உண்டா, நீதிமன்றத்தில் ஆஜராகப் போவது அவரா, அவருடைய ஜூனியரா? கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு கேட்பது வழக்கறிஞர் கழக விதிகளுக்கு முரணானது. ‘ஆறு மாதத்தில் நிச்சயம் விவாகரத்து வாங்கித் தருகிறேன்’ என்பவரிடமும் எச்சரிக்கை தேவை. பரஸ்பர சம்மத விவாகரத்துக்குரிய ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்திருந்தாலும், தளர்த்துவது நீதிபதியின் முடிவே.

குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், 1984, வக்கீல் மூலம் வழக்காடுவதை ஓர் உரிமையாகத் தரவில்லை. நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் வக்கீல் வாதாடுகிறார். சமரசப் பேச்சில் ஆலோசகர் முன்னால் பேச வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே உங்களைப் பேசவிட்டுக் கேட்பவரை, தாமே பேசிக்கொண்டிருப்பவரைவிட மேலானவராகக் கருதலாம்.

பணமில்லாத நிலையில், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார். உதவி எண் 15100.

உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரமான வக்காலத்தில் கையெழுத்திடும்போது வெற்றுத் தாள்களை நீட்டினால் மறுத்துவிடுங்கள். மனு தாக்கலானதும் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த வழக்குக்கு மட்டுமே உரிய அடையாள எண்) குமாஸ்தாவிடம் வாங்கிக்கொண்டால், அடுத்த வாய்தாவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பின்னர் வக்கீலை மாற்ற நேர்ந்தால், கட்டணப் பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டைத் தர மறுக்க அவருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே தீர்ப்பளித்துள்ளது.