எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தைக்கு ஒரு வாசிப்புச் செயலி

டிஸ்லெக்சியா (எழுத்துகளை வாசிக்கத் திணறச் செய்யும் கற்றல் குறைபாடு) உள்ள குழந்தைக்குச் செயலி வடிவமைப்பவர், 247 எழுத்துகளையும் அட்டவணையாகத் திரையில் நிரப்பாமல், குழந்தை நாள்தோறும் பேசும் சொற்களிலிருந்து தொடங்க வேண்டும்: கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சல் சிறுவனுக்கு 'வலை', 'மீன்', குலசேகரத்துச் சிறுமிக்கு 'ரப்பர்', 'சக்கை' (பலாவுக்கு அங்குள்ள பெயர்). படத்தின் கீழே 'பலா' என்று எழுதினாலும் அவள் சக்கை என்றே வாசிப்பாள். அதைத் தவறென்று குறிப்பது செயலியின் தவறு.

மிகுந்த கவனம் கொம்புக்கு உரியது. 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் துணைக்கால் பின்னும் நிற்க, உயிரொலியோ மெய்க்குப் பிறகே வருகிறது. ஆகவே குழந்தை தொட்டவுடன் முதலில் 'க்' ஒலித்து, அடுத்துக் கொம்பும் காலும் ஒரே நிறத்தில் ஒன்றாக ஒளிர்ந்து 'ஒ' ஒலிக்கட்டும்.

ல, ள, ழ மூன்றையும் ஒரே பாடத்தில் வைக்க வேண்டாம். எழுத்து பெரிதாகவும் இடைவெளி தாராளமாகவும் இருக்கட்டும். நேரக் கணக்கு தேவையில்லை. குரல்பதிவுக்கு இம்மாவட்டத்துப் பேச்சறிந்த ஆசிரியை ஒருவரே பொருத்தமானவர்.