யாழ்ப்பாணத்தில் இருந்து வடதுருவக் கோடைக்கு: உடுப்பும் பொதியும் ஆயத்தம் செய்யும் முறை

நோர்வேயில் இருக்கும் பிள்ளைகளிடமோ சகோதரங்களிடமோ கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் இப்போது ஒஸ்லோவோடு நிற்பதில்லை. துரொம்சோ, நோர்ட்காப் என்று மேலே போகிறார்கள். சிலர் இன்னும் வடக்கே உள்ள நோர்வேயின் சுவல்பார்ட் தீவுகள் வரைக்கும் போய் வருகிறார்கள். அவர்களில் பலருடைய பெட்டியில் ஒரு பெரிய தடித்த ஜக்கெட் இருக்கும், மற்றதெல்லாம் பருத்தி உடுப்பாக இருக்கும். அந்தப் பெட்டி அங்கே உதவாது. வடதுருவக் கோடையில் ஆளை வாட்டுவது ஈரமும் காற்றும்தான். பொதி கட்டும்போது ஒவ்வொரு உடுப்பையும் கையில் எடுத்து, இது நனைந்தால் என்ன ஆகும், காற்று இதற்குள்ளால் போகுமா என்று கேளுங்கள்.

படி 1: போகும் இடத்தின் குளிரை அறிந்துகொள்ளுங்கள்

வடதுருவ வட்டம் என்பது ஏறக்குறைய 66 பாகை 33 கலை வட அகலக்கோடு. அதற்கு மேலே எல்லா இடமும் ஒரே குளிர் இல்லை. யூலை மாதம் துரொம்சோவில் பகலில் பெரும்பாலும் 12 முதல் 16 பாகை செல்சியஸ் இருக்கும். சுவல்பார்ட்டின் லோங்யியர்பியனில் 3 முதல் 9 பாகை. நோர்வேயின் வடகோடிப் பகுதியான பின்மார்க்கில், கடலை விட்டு உள்ளே இருக்கும் கரஷோக் பக்கம் நல்ல வெயில் நாளில் 25 பாகையைத் தாண்டுவதும் உண்டு. நோர்ட்காப் கடலுக்கு மேல் 307 மீற்றர் உயரமான பாறை முனை, காற்றைத் தடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 5 பாகைக் குளிரில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் வெறும் தோலுக்கு அது 0 பாகை மாதிரிப் படும். ஓடும் படகின் முன்பக்கம் நின்றால் காற்றே இல்லாத நாளிலும் இந்த நிலை வரும்.

படி 2: பருத்தியை ஒதுக்குங்கள்

எங்கள் ஊர் வெக்கைக்குப் பருத்தி நல்லது, ஏனென்றால் அது வியர்வையை உறிஞ்சி உடம்பைக் குளிர வைக்கும். அங்கே அதே குணம்தான் பிரச்சினை. பருத்திப் பெனியன் வியர்வையில் நனைந்தால் மணிக்கணக்காகக் காயாது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். மலை ஏறும்போது வியர்த்து, உச்சியில் படம் எடுக்க நின்ற பத்து நிமிடத்தில் உதறல் எடுப்பது இதனால்தான்.

ஜீன்ஸ், பருத்தி ரீசேட், பருத்திச் சொக்ஸ், பருத்திப் பாவாடை எதையும் வெளியே போகும் உடுப்பில் சேர்க்க வேண்டாம். வீட்டுக்குள் போட ஒரு சோடி போதும். நோர்வே வீடுகளுக்குள் 20 பாகைக்கு மேல் சூடாக இருக்கும்.

படி 3: மூன்று அடுக்கு

தோலோடு ஒட்டும் முதல் அடுக்கு வியர்வையை வெளியே தள்ள வேண்டும். மெரினோ என்ற செம்மறியாட்டின் மெல்லிய கம்பளி சிறந்தது: சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிராம் நிறையுள்ளது கோடைக்குக் காணும், நாலைந்து நாள் போட்டாலும் மணக்காது. விலை கட்டாது என்றால் பொலியெஸ்ரர் விளையாட்டு உடுப்பு தாராளம். உதைபந்தாட்ட ஜேர்சியில் நீளக் கை உள்ளது, உடம்போடு ஒட்டினாற்போல் இருந்தால் நல்ல முதல் அடுக்கு. மேலுக்கு 2, காலுக்கு 2.

நடு அடுக்கு சூட்டைப் பிடித்து வைப்பது. நடுத்தரத் தடிப்புள்ள பிளீஸ் (செயற்கை இழையாலான மெத்தென்ற சட்டை) ஒன்று, அதற்கு மேல் போட இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்த மெல்லிய ஜக்கெட் ஒன்று. இறகு அடைத்தது பாரமில்லாதது, ஆனால் நனைந்தால் கட்டிபட்டுச் சூட்டை விட்டுவிடும். மழையும் கடலும் உள்ள இடத்துக்கு முதல் தடவை போகிறவர்கள் செயற்கைப் பஞ்சு அடைத்ததை எடுப்பதே புத்தி என்பது எங்கள் கருத்து.

வெளி அடுக்கு மழையையும் காற்றையும் மறிக்கும் ஜக்கெட்டும் காற்சட்டையும். லேபிளில் மில்லிமீற்றரில் போட்டிருக்கும் தண்ணீர் தாங்கும் அளவு 10,000க்குக் குறையக் கூடாது. தையல்களின் உள்பக்கம் நாடா ஒட்டியிருக்க வேண்டும், தலைமூடி இருக்க வேண்டும். ஜக்கெட்டை ஒரு அளவு பெரிதாக எடுங்கள், மற்ற இரண்டு அடுக்கும் உள்ளே போக வேண்டும். மழைக் காற்சட்டையைப் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள், பிறகு படகில் முழங்காலுக்குக் கீழே நனைந்துபோய் இருக்கிறார்கள். பக்கத்தில் சிப் உள்ளதாகப் பார்த்தால் சப்பாத்தைக் கழற்றாமலே போடலாம்.

சேலைதான் உடுப்பேன் என்கிற அம்மாமாருக்கு: பாவாடைக்குப் பதில் கணுக்கால் வரை முதல் அடுக்கு, அதற்கு மேல் பொலியெஸ்ரர் சேலை, மேலே பிளீஸும் மழை ஜக்கெட்டும். ஊருக்குள் சுற்ற இது காணும். நூல் சேலையின் கரை நனைந்தால் அந்த ஈரம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். படகுக்கு மட்டும் காற்சட்டை கட்டாயம். ஏறி இறங்கும்போது சேலை தடக்கும்.

படி 4: இரவல் பொருளைச் சோதியுங்கள்

இந்த உடுப்புகள் யாழ்ப்பாணத்துக் கடைகளில் இலகுவில் கிடைக்காது. ஆகவே வெளிநாட்டுச் சொந்தம் முன்பு விட்டுப்போனதைத்தான் பலர் அலுமாரியில் இருந்து எடுக்கிறார்கள். எங்கள் வெக்கையும் ஈரலிப்பும் இந்தப் பொருட்களை உள்ளுக்குள் அரிக்கும், வெளிப்பார்வைக்குத் தெரியாது.

சப்பாத்தில் தொடங்குங்கள். நடைச் சப்பாத்துகளின் அடிக்கும் மேற்பகுதிக்கும் இடையே உள்ள மெத்தென்ற படை பெரும்பாலும் பொலியூரித்தேன். ஈரலிப்பு அதை மெல்ல மெல்லச் சிதைக்கும், போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். குதிப்பக்கத்தில் அந்தப் படையைப் பெருவிரலால் அழுத்துங்கள். வெடிப்புத் தெரிந்தால், மாவாக உதிர்ந்தால், பிசுபிசுத்தால் எறிந்துவிடுங்கள். பசை போட்டு ஒட்டினாலும் அடி முழுசாகக் கழன்று விழும், அதுவும் பெரும்பாலும் நடை தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள். 5 வருடத்துக்கு மேல் பெட்டிக்குள் கிடந்த சோடி அழுத்தும்போது நன்றாக இருந்தாலும் நம்பாமல், தினமும் அரை மணி நேரம் என்று இரண்டு கிழமை நடந்து பாருங்கள். புதுச் சப்பாத்துக்கும் இந்த நடை தேவை, கால் கொப்புளம் ஊரிலேயே வந்து ஆறிவிடும். தடித்த சொக்ஸ் போட்ட பிறகும் விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும். இறுகிய சப்பாத்து இரத்த ஓட்டத்தைக் குறைத்து விரலை விறைக்க வைக்கும்.

அடுத்தது மழை ஜக்கெட். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் படலம் சிலும்பு சிலும்பாக உரிந்தால், கையில் ஒட்டினால், புளித்த மணம் வந்தால் அது இனி மழைக்கு உதவாது. உள்பக்கம் நன்றாக இருந்தால் தண்ணீர்ச் சோதனை. விடியப்புறம், வியர்க்காத நேரத்தில், சாம்பல் நிறப் பருத்தி ரீசேட் ஒன்றைப் போட்டு அதற்கு மேல் ஜக்கெட்டைச் சிப் பூட்டி அணியுங்கள். கிணற்றடியில் நின்று, ஒருவரைக் கொண்டு தோளிலும் நெஞ்சிலும் இரண்டு வாளித் தண்ணீர் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். உடனே கழற்றிப் பாருங்கள். சாம்பல் துணியில் கரும்பொட்டு விழுந்த இடம்தான் ஒழுக்கு, பெரும்பாலும் தோள் தையலும் சிப் ஓரமும். தண்ணீர் உள்ளே வராமல் வெளித்துணி மட்டும் ஊறினால் பயமில்லை. மெல்லிய சவர்க்காரத்தில் கழுவி, நன்றாக அலசிக் காயவிட்டு, உடுப்பின் லேபிள் அனுமதித்தால் குறைந்த சூட்டில் அயன் பண்ண, பல ஜக்கெட்டுகளில் தண்ணீர் மீண்டும் முத்தாக உருளும். துணி மென்மையாக்கும் திரவம் போடவே கூடாது.

ஒன்றும் தேறவில்லை என்றால் ஊரில் காசைச் செலவழிக்காதீர்கள். நோர்வேயில் பிரெடெக்ஸ் போன்ற பழைய உடுப்புக் கடைகளில் நல்ல கம்பளியும் மழை உடுப்பும் புதியதைவிட எவ்வளவோ மலிவாகக் கிடைக்கும். சப்பாத்தை மட்டும் முன்கூட்டியே வாங்கிப் பழக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: தலை, கை, கால்

காதை மூடும் கம்பளித் தொப்பி 1. கழுத்துக்குக் குழாய்த்துணி 1, மப்ளரைவிட நல்லது, காற்றில் பறக்காது. மெல்லிய கையுறை ஒரு சோடி, அதற்கு மேல் போடத் தண்ணீர் புகாத பெரிய கையுறை ஒரு சோடி. போன் பிடிக்க மேலுறையை மட்டும் கழற்றலாம். கம்பளிச் சொக்ஸ் 4 சோடி. இரண்டு சொக்ஸைச் சேர்த்துத் திணிப்பது சூடு தராது, மேலே சொன்ன இறுக்கம்தான் வரும்.

லோங்யியர்பியனில் பல விடுதிகளிலும் அருங்காட்சியகத்திலும் வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். நிலக்கரிச் சுரங்கக் காலத்துப் பழக்கம் அது. எங்களுக்குப் புதிதல்ல, ஆனால் ஓட்டைச் சொக்ஸோடு நிற்காமல் மெல்லிய வீட்டுச் செருப்பு ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

படி 6: சூரியனும் நுளம்பும்

துரொம்சோவில் ஏறக்குறைய மே 20 முதல் யூலை 22 வரை சூரியன் மறைவதில்லை. கண்ணை மறைக்கும் துணிப்பட்டி ஒன்று இல்லாமல் நித்திரை வராது. கடலிலும் பனியிலும் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணை எரிக்கும், யூவி 400 கண்ணாடியும் எஸ்பிஎவ் 30க்குக் குறையாத வெயில் கிறீமும் தேவை. உதட்டுக்கு வசலின்.

உள்நாட்டுப் பின்மார்க்கில் யூன் கடைசி முதல் ஓகஸ்ட் தொடக்கம் வரை நுளம்பு கூட்டமாக வரும், பகலிலும் கடிக்கும். தலையையும் முகத்தையும் மூடும் வலை ஒன்றும், நுளம்பை விரட்டும் டீட் என்ற இரசாயனம் 20 முதல் 30 வீதம் உள்ள பூச்சு மருந்தும் கொண்டு போங்கள். டீட் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும், கமராவையும் கண்ணாடியையும் தொட முன் உள்ளங்கையைத் துடையுங்கள்.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறையும். ஒடுங்கிய போத்தலில் இருந்தால் வெளியே வராது, வாய் அகன்ற டப்பாவில் ஊற்றுங்கள்.

படி 7: அடுக்குதல்

இவ்வளவையும் சேர்த்துப் பத்து நாளுக்கு 12 கிலோவுக்குள் அடக்கலாம். ஒவ்வொரு நாள் உள்ளுடுப்பையும் தனிப் பொலித்தீன் பையில் போட்டுக் காற்றை அமுக்கிக் கட்டுங்கள். பெட்டி மழையில் நின்றாலும் உலர்ந்தது உலர்ந்ததாகவே இருக்கும். பாரமான சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

மழை ஜக்கெட், ஒரு முழு முதல் அடுக்கு, பிளீஸ், சொக்ஸ், குளிசைகள் எல்லாம் கைப்பையில். இடையில் விமானம் மாறும்போது பெட்டி பிந்தினால், கப்பலோ படகோ உங்களுக்காகக் காத்திருக்காது. பவர் பாங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். 20,000 மில்லி அம்பியர் மணி உள்ளது ஏறக்குறைய 74 வாற் மணி, பொதுவான 100 வாற் மணி எல்லைக்குள் அடங்கும். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், போனை உள் சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள். நோர்வேயின் மின்சாரம் எங்களுடையது போல 230 வோல்ற்தான், ஆனால் குத்தும் முனை உருண்டையான இரண்டு கால், அடப்ரர் வேண்டும்.

கடவுச்சீட்டை உடம்போடு வைத்திருங்கள். சுவல்பார்ட் செங்கன் எல்லைக்கு (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லை) வெளியே இருக்கிறது, நோர்வே நிலப்பரப்பில் இருந்து அங்கே போய்த் திரும்பினால் செங்கனுக்குள் இரண்டாம் முறை நுழைந்ததாகக் கணக்கு. ஒற்றை நுழைவு விசா எடுத்தவர் திரும்பி வரமுடியாமல் நிற்க நேரும். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே இரண்டு அல்லது பல நுழைவு என்று கேளுங்கள்.