தோட்டப் பட்டணத்தில் போதைப் பழக்கத்தை முன்கூட்டியே தடுக்க ஊரார் செய்ய வேண்டியவை

போதைப்பொருள் தடுப்பு என்றதும் கோயில் மண்டபத்தில் ஒருநாள் விளக்கக் கூட்டம் நடத்துவதே மலேசியாவில் நம் தோட்டப் பட்டணங்களில் வழக்கமாகிவிட்டது. அச்சமூட்டும் தகவல்களைச் சொல்வதாலோ, பழக்கத்திலிருந்து மீண்டவரை மேடையேற்றிப் பேசவைப்பதாலோ பயன் விளைவதில்லை என்றே ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2018இல் புதுப்பித்து வெளியிட்ட தடுப்பு நெறிகள் கூறுகின்றன. எனவே அந்தக் கூட்டத்துக்கு ஆகும் பணத்தையும் உழைப்பையும் ஆண்டு முழுவதும் நடக்கும் பணிக்குத் திருப்புங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியவர்கள் ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறும் பிள்ளைகள். குடும்பத்தையே அறிந்த ஆசிரியர்கள் இருக்கும் சிறிய தமிழ்ப்பள்ளியை விட்டு, பேருந்தேறிப் பெரிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் இவர்களில், மலாய்மொழி அடைவு போதாத சிலர், முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு, மொழித் தேர்ச்சிக்கான புதுமுக வகுப்பில் அமர நேர்கிறது. தாம் பின்தங்கிவிட்டோம் என்ற எண்ணம் வேரூன்றுவதும், தம்மை மதிக்கும் வேறு கூட்டத்தைத் தேடத் தொடங்குவதும் பெரும்பாலும் அப்போதுதான். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியோடு இவர்களின் பெயர்களைத் திரட்டி, இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரு மூத்த மாணவர் என்று பொறுப்பு ஒப்படையுங்கள். அவர் வாரந்தோறும் அவர்களைச் சந்தித்து, பள்ளிக்கு வராத நாள்களை விசாரித்தால் போதும். அறிவுரை கூற வேண்டியதில்லை.

அடுத்தது பிற்பகல். தாயும் தந்தையும் செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலை ஷிப்டிலோ இருக்கும் நேரத்தில், பொதுமண்டபத்தைத் திறந்துவைத்துப் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். படிப்பில் நாட்டமில்லாத பிள்ளைக்கும் அங்கே இடம் வேண்டும். காற்பந்துக் குழுவையும் உறுமி மேளக் குழுவையும் சந்தேகத்தோடு பார்த்து விரட்டும் பெரியவர்கள் இருக்கிறார்கள்; அது பெருந்தவறு என்பதே என் உறுதியான கருத்து. அக்குழுக்களுக்குப் பயிற்சி நேரமும் பொறுப்பாளரும் கொடுத்து ஊரின் அரவணைப்புக்குள் கொண்டுவருவதே சரி.

பிள்ளைகளின் கைக்கு எளிதில் எட்டுபவை வேப் எனும் மின்சிகரெட், முகர்ந்து போதை ஏற்றும் பசை, ‘கெத்தும்’ எனும் மர இலையைக் காய்ச்சிய நீர், மதுபானம் ஆகியவை. 18 வயதுக்குட்பட்டோருக்குச் சிகரெட்டும் வேப்பும் விற்பதை 2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள, புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 852ஆம் சட்டம் தடைசெய்கிறது. மதுபானம் வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 2017 டிசம்பர் முதல் 21. கெத்தும் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. இவற்றை மளிகைக் கடைக்காரர்களிடம் நேரில் சென்று மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். அதற்குப் பின்னும் விற்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். விருந்து நாளில் பையனை அனுப்பிப் பீர் வாங்கும் பழக்கத்தை வீடுகளும் நிறுத்த வேண்டும்.

ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளையை ஊர் நடுவில் விசாரிப்பதும் குழுவிலிருந்து நீக்குவதும் கூடாது. பெற்றோரிடம் தனியாகப் பேசி, தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகேயின் மாவட்ட அலுவலகத்துக்கு அவர்களோடு நீங்களும் செல்லுங்கள். தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் வழியை, போதைப் பழக்கத்துக்கு ஆளானோரின் சிகிச்சை, மறுவாழ்வு குறித்த 1983ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கிறது. பிள்ளை கைதாகிவிடுமோ என்று அஞ்சி மறைக்கும் குடும்பங்களுக்கு இதை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.